குற்றக்கல்

அடுக்களைத் தரை ஓரமாய் நனைகிறதென்று
இரண்டாம் எண் வீட்டு ஹியூஜினா மோவாட் கூப்பிட்டபோது
காற்று வடகிழக்கு.
ஸ்கார்விக் முனையில் கடல்
தன் கற்களை எண்ணிக்கொண்டிருந்தது,
பாதியில் தவறவிட்டு மறுபடி முதலிலிருந்து.

(தகப்பன் ஹியூவுக்கு ஆண்பிள்ளை இல்லை.
பெயருக்கு ஒரு வால் ஒட்டவைத்து
இவளுக்குக் கொடுத்துவிட்டார்கள்.
எங்கள் பக்கம் அப்படித்தான்.)

இங்கே மரம் கிடையாது.
வேலிக்கும் கல், கூரைக்கும் கல்,
பன்றிக்கொட்டிலுக்கும் கல்லறைக்கும் அதே கல்.
ஏடு ஏடாய் உரியும் சாம்பல் பாளம்;
வயல் விளிம்பில் தோளோடு தோள் நிறுத்தியிருப்பார்கள்,
வராத பேருந்துக்குக் காத்து நிற்பவர்கள் மாதிரி.
உளி பட்டால் எண்ணெய் மணக்கும்.
சின்ன வயதில் அதைத் தீக்குச்சியால் பற்றவைக்கப் பார்த்து
விரலைச் சுட்டுக்கொண்டவன் நான்.

ஐந்தடிக்கு மூன்றடி.
கடப்பாரை போட்டேன், முட்டுக்கட்டை அவள் கொடுத்தாள்.
எழுபத்தொரு வயதுக்காரி; மூச்சு என்னைவிடச் சீர்.
கல் புரண்டது.

அடிப்பக்கத்தில் ஒரு மீன்.

ஒரு முழம் இருக்கும். தார்க் கறுப்பு.
செதில் செதிலாய் அரக்குப் பூசிய பளபளப்பு.
வால் சற்றே தூக்கலாக,
திரும்ப நினைத்த இடத்திலேயே நின்றுவிட்டதைப் போல.
ஹியூஜினா ஒன்றும் பேசவில்லை.
பாத்திரம் தேய்க்கும் பஞ்சை எடுத்துவந்து
மண்ணைத் துடைத்தாள்.
தலை எது வால் எது என்று கை அறியும்;
நாற்பது வருடம் இதே கல்மேல் நின்று
ஹாடாக் மீன் அரிந்த கை.

மீனுக்குப் பக்கத்தில் உளியால் ஒரு பெருக்கல் குறி.
அதற்கு எனக்கு அர்த்தம் தெரியும்.
பழுதில்லாத பாளம் கப்பலேறும்,
கிளாஸ்கோவுக்கு, மெல்போர்னுக்கு,
யார் யாரோ நடக்கும் நடைபாதைக்கு.
முகத்தில் மேடு தட்டினால், கறை இருந்தால்
குறி போட்டுத் தள்ளிவிடுவார்கள்.
தள்ளிய கல்லில்தான்
குவாரி ஆட்களுக்கு இந்த வரிசை வீடுகள்,
பாதி விலை, அதுவும் கூலியில் பிடித்து.
எட்டு வீடு. எட்டு அடுக்களை.
மற்ற ஏழின் அடியில் என்னவென்று
அன்றிரவு மதுக்கடையில் பெரிய விவாதம்.
யாரும் பெயர்க்கவில்லை. கார்டன் பெய்ன் மட்டும்
வீட்டுக்குப் போய்த் தரையைத் தட்டிப் பார்த்தானாம்.

மறுநாள் அருங்காட்சியகத்துப் பெண் ரோனா பட்ஜ்
தூரிகையும் உருப்பெருக்கியுமாய் வந்தாள்.
நுரையீரல் மீன் என்றாள்.
முப்பத்தெட்டுக் கோடி வருடம் என்றாள்.
அப்போது இது கடற்கரையே இல்லை, பெரிய ஏரி,
பூமத்தியரேகைக்குத் தெற்கே,
வெயிலில் வற்றி வற்றி நிறைந்த ஏரி,
ஒவ்வொரு ஏடும் ஒரு பருவத்துச் சேறு.
எல்லாவற்றுக்கும் தலையாட்டிய ஹியூஜினா
ஒன்றை மட்டும் நம்பவில்லை:
"வெயிலா? இங்கேயா?"

படம் எடுத்தாள், அளந்தாள்,
கல்லைக் கொடுப்பீர்களா என்றாள்.
"நான் எதன்மேல் நிற்பது?" என்றாள் ஹியூஜினா.
மேல்முகமாய்ப் போடட்டுமா என்று நான் கேட்டேன்.
உருளைக்கிழங்கு மூட்டையை இழுப்பேன், வேண்டாம்,
அது பழகியபடியே படுக்கட்டும்.

கல் கீழே இறங்குமுன் நான்
குழாயைப் பார்த்தேன்.
முழங்கை இணைப்பில் மயிரிழை விரிசல்.
எவ்வளவு நாளாய்க் கசிந்ததோ,
சொட்டு நேராய் மேலெழும்பித் தெறித்து
மீனின் வாய் இருந்த இடத்தை மட்டும்
நனைத்துக்கொண்டிருந்திருக்கிறது.
அந்த ஏரி வற்றியதற்கப்புறம்
அதற்குக் கிடைத்த தண்ணீர்
என் அப்பன் அவசரமாய்ப் பூட்டிய ஒரு திருகாணியால்.

இறுக்கினேன். வேறென்ன செய்ய,
அதற்குத்தானே கூப்பிட்டாள்.
கல்லை இறக்கி, சந்து அடைத்து, கை கழுவினேன்.

இரண்டரை மணிநேரக் கூலி,
பித்தளை முழங்கை ஒன்று.
பில்லை வாங்கிப் படித்தவள்
ஈரம் காயாத விளிம்பைக் காலால் தொட்டுப் பார்த்து
"இனி கசியாதே, எர்லெண்ட்?" என்றாள்.
கசியாது என்றேன்.
அவள் குரலில் அது
கேள்வியாகத்தான் இருந்ததா என்று
பாதி வழியில் வண்டியை நிறுத்தி யோசித்தேன்.